ஞாயிறு மேட்டு ஓட்டம்: பெயர் கொடுத்தவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, நம் இலக்கு 42.195 கிலோமீட்டர் மாரத்தான், ஞாயிற்றுக்கிழமை பந்தயம் அதற்கான பயிற்சிதான். இந்தப் பந்தயத்துக்காக வாரம் முழுக்க ஓய்வெடுக்க வேண்டாம், சனிக்கிழமை மட்டும் ஓட்டத்தை லேசாக்கினால் போதும்.

ஏற்றத்தில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு செல்லாது. மூச்சை வைத்து ஓடுங்கள். மூன்று நான்கு சொல் சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா, சரி. முடியவில்லையா, அடியைச் சுருக்குங்கள்; நடந்தாலும் கௌரவக் குறைச்சல் இல்லை.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துப் படி இறங்கும்போது தெரியும். (போன தடவை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன், வீட்டில் ஒரே சிரிப்பு.) குதிகாலை முன்னே நீட்டி பிரேக் போடாதீர்கள், சின்னச் சின்ன அடியாக, லேசாக முன்சாய்ந்து இறங்குங்கள். ஒருமுறை இப்படி அடி வாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவாக வலிக்காது, அதுதான் நமக்கு லாபம்.

அப்புறம், புது ஷூ வேண்டாம். பந்தயம் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை வேகப் பயிற்சி கிடையாது. மாரத்தானுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதவர்கள் ஓட வேண்டாம், கைதட்ட வாருங்கள்.