கீழ்வீட்டுக் கரியடுப்பு

உதகை,
தை 9

அன்பு நண்பா,

ஆயுத பூஜையின்போது நீ எழுதிய கடிதத்திற்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். இத்தனை நாள் மௌனத்தைப் பொறுத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குடைக்காரர் சென்ற வாரம் வந்தார். பள்ளி மழைமானியைக் கவிழ்த்தது நீதான் என்று இன்னமும் சாதிக்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை.

எழுத வைத்தது கீழ்வீட்டில் நடந்த ஒன்று. கேரட் அறுவடை வேலைக்கு வந்த கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் அங்கே குடியிருக்கிறார்கள். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் இரவு, புல்லெல்லாம் வெளுத்துப்போகும் அளவுக்கு உறைபனி கொட்டியது. அவர்கள் சமையல் முடிந்ததும் கரியடுப்பை அறைக்குள் எடுத்து வைத்து, ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு மூத்த பெண் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டு என் மனைவி எழுப்பினாள். தாழ்ப்பாளை உடைத்து நான்கு பேரையும் வாசலில் கொண்டுவந்து கிடத்தினோம். தகப்பனுக்கு நினைவே இல்லை. 108 வண்டி வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மருத்துவமனையில் இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி 98 சதவீதம் என்று காட்டியது. நான் ஆறுதல் அடைந்தேன். மருத்துவரோ அந்த எண்ணை நம்பக்கூடாது என்றார். மூடிய அறையில் கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிக்கொண்ட இரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் நிறைந்த இரத்தமாகவே காட்டிவிடும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரமாகும் என்பதால், நால்வருக்கும் முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். 'புகை வராத கரி என்றுதானே ஐயா உள்ளே வைத்தோம்' என்று அந்த மனிதர் என்னிடம் அழுதார். அந்த வாயு கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. அவர் எதைக் கண்டு அஞ்சியிருக்க முடியும்? அதோடு நம் ஊரில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். ஆக்சிஜன் இங்கும் 21 சதவீதம் என்றாலும், ஒரு மூச்சில் உள்ளே போகும் அளவு உன் சென்னையில் கிடைப்பதை விடக் குறைவு. அந்தக் குறைவிலும் கரியடுப்பு பங்கு கேட்கிறது.

அன்று முதல் விடியற்காலையில் வாசற்படியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிறேன். நாம் இருவரும் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்த படம் அது! உயரே போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி குளிரும் என்று எழுதிவிட்டு, அடியில் 'விதிவிலக்கு: வெப்பநிலை தலைகீழாதல்' என்று ஒரு வரி சேர்ப்போமே, அந்த ஒரு வரிக்குள்தான் இந்த ஊர் மார்கழியும் தையும் குடியிருக்கிறது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்திற்கு விட்டுக் குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, சரிவில் தண்ணீர் போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடியாகக் கவிந்துகொள்கிறது. நேற்று ஐந்து மணிக்கு என் வாசலில் வெப்பமானி 5 டிகிரி காட்டியது. கீழே ஓடையோரம் போய்ப் பார்த்தால் 1 டிகிரி. விறகடுப்பு, குப்பை எரிப்பு, குளிரில் உறுமும் வண்டிகள் எல்லாவற்றின் புகையும் அந்த மூடிக்கு அடியில், சமமாக வெட்டி வைத்த பலகை போல நிற்கிறது. ஒன்பது மணி வெயில் தரையைச் சுட்ட பிறகே கலைகிறது. அதற்குள் பிள்ளைகள் அதன் வழியாகவே நடந்து பள்ளிக்குப் போய்விடுகிறார்கள்.

1952 டிசம்பரில் லண்டன் ஐந்து நாள் இப்படித்தான் புகையால் மூடப்பட்டது. எங்கோ தொலைவில் நடந்ததாக அதை நாம் பாடம் சொன்னோமே என்று இப்போது மனம் கனக்கிறது. போகிப் புகையைப் பற்றி நீ ஆண்டுதோறும் புலம்பும்போதெல்லாம், 'பேசாமல் மலைக்கு வந்துவிடு' என்று உன்னைச் சீண்டியிருக்கிறேன். சென்னையின் போகிக் காலையிலும் பனிக்குளிரின் அடியில் அடைபட்ட காற்றுதான் புகையைப் பிடித்து வைக்கிறது. உனக்கு அது ஒரு நாள். எங்களுக்கு வானம் தெளிந்திருக்கும் ஒவ்வொரு குளிர் இரவும். இந்த ஆண்டு உன்னைச் சீண்ட வாய் வரவில்லை.

இங்கே சுற்றுலா வருவோர் தங்கும் அறைகளில்கூடக் கரிச்சட்டி வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவருகிறேன்: கரியடுப்பை வாசலிலேயே அணைத்துவிடுங்கள், ஜன்னலில் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள், கம்பளி இல்லையென்றால் என்னிடம் கேளுங்கள். இதுவரை ஆறு கம்பளி போயிருக்கிறது. இன்னும் வேண்டியிருக்கும்.

மாசியில் பேரப்பிள்ளைகளோடு வருவதாக எழுதியிருந்தாய் அல்லவா? வருமுன் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய், கார்பன் மோனாக்சைடு கூடினால் ஒலி எழுப்பும் சிறு கருவி, பேட்டரியில் ஓடுவதாக, மூன்று வாங்கி வா. புகைக்கு மட்டும் கத்தும் கருவியைத் தலையில் கட்டிவிடுவார்கள். பெயரைப் பார்த்து வாங்கு. ஒன்று கீழ்வீட்டிற்கு, ஒன்று குடைக்காரருக்கு, மற்றொன்று நீ வந்து தங்கப்போகும் அறைக்கு.

உன்
பழைய அறைத் தோழன்