ஜோகன்னஸ்பர்க் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை கூட்டத்தில் பாஸ்போர்ட், விசா, பணம் என்று பேசி முடிப்பதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு அம்மா கேட்டார்: "ஆப்பிரிக்காவுக்குப் போறாங்க, ஆனா சிங்கம் கிடையாதாம். ஜெயிலும் சுடுகாடும்தான் பார்க்கப் போறாங்களாமே, சார்?" சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சிங்கத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குரூகர் தேசியப் பூங்கா ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போக அரை நாள், வர அரை நாள். நடுவில் ஒரு நாள் சுற்றினால் சிங்கம் கண்ணில் படும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். நமக்கு அந்த ஊரில் இருப்பது ஆறு நாள். சிங்கத்தை வண்டலூரில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சுடுகாடு. பத்து வருஷம் தமிழாசிரியராக இருந்தவன் என்பதால் ஒரு திருத்தம்: அது இடுகாடு. பிராம்ஃபான்டீன் என்ற இடத்தில் 1888 முதல் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டம். அங்கேதான் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று உயிர்விட்ட நம் தில்லையாடி வள்ளியம்மை இருக்கிறார்.

பாடப் புத்தகத்தில் அவரைப் படிக்காதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் 'தில்லையாடி' என்று பெயரோடு ஒட்டியே வருவதால், அவர் இங்கே பிறந்தவர் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. தில்லையாடி அவருடைய அம்மாவின் ஊர். வள்ளியம்மை 1898 பிப்ரவரி 22 அன்று பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். வளர்ந்ததும் அங்கேதான். அப்பா முனுசாமி அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று, கிறிஸ்தவ முறைப்படி நடந்த திருமணம்தான் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதாவது, மஞ்சள் கயிற்றில் தாலி கட்டிக்கொண்ட பெண் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை. போதாததற்கு நேட்டால் மாகாணத்தில், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கிவிட்ட இந்தியக் கூலிகளுக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. இதையெல்லாம் எதிர்த்துப் பெண்களும் தெருவில் இறங்கினார்கள். 15 வயது வள்ளியம்மை அம்மாவோடு சேர்ந்து நேட்டாலுக்குப் போனார். டிசம்பரில் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். சிறையில் பிடித்த காய்ச்சல் விடவே இல்லை. வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனார். அன்றைக்குத்தான் அவருக்கு 16 வயது நிறைந்தது.

படுக்கையில் கிடந்தவரை, அந்தப் போராட்டத்தை நடத்திய காந்தி போய்ப் பார்த்தார். சிறைக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டிருக்கிறார். இப்போது கைது செய்தாலும் போவேன் என்றாராம் அந்தப் பெண். இதைக் காந்தியே எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆண்டு ஜூலை 15 அன்று, அவர் அந்த நாட்டைவிட்டுக் கப்பலேறுவதற்கு மூன்று நாள் முன்பு, பிராம்ஃபான்டீனில் வள்ளியம்மைக்கும் நாகப்பனுக்கும் நினைவுக்கல் திறந்தார்கள். நாகப்பன் 1909இல் சிறைக் கொடுமையால் இறந்தபோது 18 வயது. நம் பிள்ளைகளின் வயதை நினைத்துக்கொள்ளுங்கள். 1915இல் காந்தி தில்லையாடிக்கு வந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஒரு தாத்தா பள்ளிக்கே வந்து, தில்லையாடி மண்ணை ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் மண், விதை, செடி எதையும் அனுமதி இல்லாமல் அந்த நாட்டுக்குள் கொண்டு போக முடியாது. விமான நிலையத்திலேயே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதனால் கதர் நூலில் மாலை கட்டிக் கொண்டு போகிறோம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, ஜெயிலுக்கு வருவோம். கான்ஸ்டிடியூஷன் ஹில் என்று பெயர். ஊருக்கு நடுவே ஒரு குன்று. 1890களில் போயர்கள், அதாவது டச்சு வம்சாவளி வெள்ளையர்கள், அங்கே ஒரு சிறையும் அதைச் சுற்றிக் கோட்டையும் கட்டினார்கள். சிறை 1983 வரை நடந்தது. காந்தி 1908இல் இங்கே அடைபட்டார். மண்டேலாவும் இதே வளாகத்தில் இருந்திருக்கிறார். கறுப்பின ஆண்களை வைத்த பகுதிக்கு 'நம்பர் ஃபோர்' என்று பெயர். அங்கே ஒரு பொருளைத் தேடிப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்: கம்பளி. போர்த்திக்கொள்ளக் கொடுத்த கம்பளியை மடித்து மடித்து, பீரங்கி வண்டி மாதிரியெல்லாம் சிற்பம் செய்வார்களாம் கைதிகள். அந்த மாதிரி சிலதைச் செய்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் சிறை தனிக் கட்டடம்; இனவெறியை எதிர்த்துப் போராடிய வின்னி மண்டேலா, ஆல்பர்ட்டினா சிசுலு எல்லாம் அங்கே இருந்தவர்கள்.

இந்தச் சிறையை அவர்கள் மூடிப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமான அரசியலமைப்பு நீதிமன்றத்தை அதே இடத்தில் கட்டி 2004இல் திறந்தார்கள். விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்த செங்கல்லையே எடுத்து நீதிமன்ற அறைக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மாடிப்படிகள் இருந்த நாலு கோபுரங்களை மட்டும் இடிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். முகப்புக் கூடத்தில் தூண்கள் நேராக நிற்காமல் மரம் மாதிரிச் சாய்ந்து நிற்கும். மரத்தடியில் பஞ்சாயத்து கூடுகிற வழக்கம் அங்கேயும் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த அறையின் ஜன்னல். தரை மட்டத்தில் ஒரு நீளமான கண்ணாடிப் பட்டை. உள்ளே உட்கார்ந்தால் தெருவில் நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். முகம் தெரியாது, நிறம் தெரியாது. வழக்கு நடக்காத நாளில் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அந்த நாட்டு அரசியலமைப்பில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் தமிழும் உண்டு.

கறுப்பின மக்கள் வாழும் சோவேட்டோ பகுதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம். 1976இல் கணக்கையும் சமூக அறிவியலையும் வெள்ளை ஆட்சியாளர்களின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்று கறுப்பினப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தியது அரசு. ஜூன் 16 அன்று சீருடையோடு ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்ற 12 வயதுப் பையன் இறந்தான். அடிபட்ட அவனைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு இளைஞன் ஓட, பக்கத்தில் அவனுடைய அக்கா கதறிக்கொண்டே ஓடும் படம் உலகம் முழுக்கப் போனது. அந்த இடத்துக்கு அருகே 2002 முதல் அவன் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. மொழிக்காகப் பிள்ளைகள் தெருவுக்கு வந்த கதை 1965ஐப் பார்த்த நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரு தடவை அதைச் சொல்லி அனுப்பினால் நல்லது. பக்கத்திலேயே விலகாஸி தெரு. மண்டேலா, டூட்டு என்று நோபல் பரிசு வாங்கிய இரண்டு பேர் குடியிருந்த தெரு. மண்டேலாவின் வீடு நம் தொகுப்பு வீட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

சோவேட்டோவில் ஓவியம் தீட்டிய இரண்டு பெரிய கோபுரங்களும் இருக்கின்றன. பழைய அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள். நடுவிலிருந்து காலில் கயிறு கட்டிக்கொண்டு 100 மீட்டர் கீழே குதிக்கலாம். பதினோராம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் இதை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஒருவரும் குதிக்கப் போவதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

இனவெறி அருங்காட்சியகத்தில் டிக்கெட் கொடுக்கும்போதே 'வெள்ளையர்', 'வெள்ளையரல்லாதார்' என்று இரண்டு விதமாகக் கொடுப்பார்கள், நம் நிறத்தைப் பார்த்தல்ல, கைக்கு வந்தபடி. அதற்கேற்ப வாசலும் வேறு. தோழிகள் இருவர் சேர்ந்து வந்தால் ஒருத்தி இந்தப் பக்கம், இன்னொருத்தி அந்தப் பக்கம். கொஞ்ச தூரம் போய்த்தான் மறுபடி சேர முடியும். ராத்திரி போனில் பேசும்போது உங்கள் பிள்ளைக்கு எந்த டிக்கெட் கிடைத்தது என்று கேளுங்கள்.

எல்லாமே கனமான விஷயங்களாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். 1886இல் தங்கம் கிடைத்ததால் முளைத்த ஊர் அது. ஜூலு மொழியில் 'எகோலி', பொன் இருக்கும் இடம் என்று பெயர். கோல்ட் ரீஃப் சிட்டியில் பழைய சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கலாம், தங்கத்தை உருக்கி ஊற்றிக் காட்டுவார்கள், ராட்டினங்களும் உண்டு. 'கம்பூட்' ஆட்டத்தை மட்டும் தவற விடவே கூடாது. தண்ணீர் தேங்கிய சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். அந்த பூட்ஸையே தட்டித் தாளமாக்கிவிட்டார்கள். மேளம் கிடையாது, உள்ளங்கையும் ரப்பரும்தான். நம் ஒயிலாட்டக் குழுவும் ஒரு மாலையில் ஆடப் போகிறது. சலங்கையைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடச் சொல்லுங்கள், சோதனையில் சத்தம் போட்டு மானத்தை வாங்கும்.

ஊருக்கு வெளியே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் ஸ்டெர்க்ஃபான்டீன் குகைகளும் மரோபெங் காட்சிக்கூடமும். 20 லட்சம் ஆண்டுக்கும் முந்தைய மனித முன்னோரின் மண்டையோடு 1947இல் அந்தக் குகையில்தான் கிடைத்தது. அறிவியல் ஆசிரியை இதைப் பற்றித் தனியாக இரண்டு வகுப்பு எடுத்துவிட்டார், நான் நீட்டவில்லை.

ஒரு மாலை லெனேசியாவில். ஊருக்குள் வாழ்ந்த இந்தியர்களை வெள்ளை அரசு அப்புறப்படுத்திக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். அங்கே மூட்லி, கோவெண்டர், படையாச்சி என்றெல்லாம் பெயர்ப் பலகை பார்க்கலாம். முதலியும் கவுண்டரும் அந்த ஊர் ஆங்கிலேய எழுத்தர் கையில் பட்ட பாடு அது என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் பேச வராது, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கத் தெரியும். இதைப் பார்த்துப் பிள்ளைகள் யாரும் சிரித்துவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். 'பாப்' என்பது மக்காச்சோள மாவில் கிண்டுகிற களி. வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். தொட்டுக்கொள்ள 'சக்கலக்கா' என்று காரமான காய்க்கறிக் கூட்டு. ஃபோர்ட்ஸ்பர்க் கடைத்தெருவில் 'பன்னி சௌ' கிடைக்கும்: பாதி பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவது. டர்பனில் நம் ஆட்கள் கண்டுபிடித்தது. சைவத்துக்குப் பயறுக் குழம்பு ஊற்றியும் உண்டு. ஊறுகாய் பாட்டில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். முன்பு டெல்லிக்குப் போனபோது என் பெட்டியில் ஒரு மாகாளிக் கிழங்கு பாட்டில் உடைந்து, நாலு நாளும் அந்த வாசனையோடு ஜனாதிபதி மாளிகை வரை போனேன்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். வழிப்பறி அதிகமுள்ள ஊர்தான் அது. அதனால் எல்லா இடத்துக்கும் தனி பஸ், உள்ளூர் வழிகாட்டி. இருட்டியபின் வெளியே நடப்பதில்லை. தெருவில் போனை வெளியே எடுப்பதில்லை. பெண் பிள்ளைகள் தங்க நகை போட்டுக்கொண்டு வரக் கூடாது, காதில் பொட்டுக் கம்மல்கூட வேண்டாம். ஒரே ஒரு தடவை கௌட்ரெயினில் ஏறுவோம், 160 கிலோமீட்டர் வேக ரயில் என்பதால் பிள்ளைகள் விடவில்லை. அதில் பபிள் கம் மென்றால்கூட அபராதம்.

நமக்குக் கத்திரி வெயில், அங்கே குளிர்காலத் தொடக்கம். ஏற்காட்டைவிட உயரமான ஊர். ராத்திரி நன்றாகவே குளிரும். ஸ்வெட்டர் இரண்டு, காதை மூடும் குல்லா, உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். போன் சார்ஜருக்கு நம் வீட்டு ஏ.சி., ஹீட்டருக்கு இருக்கிற பெரிய மூன்று முனை பிளக் தேவைப்படும். அடாப்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி ஒன்பது என்றால் இங்கே பன்னிரண்டரை, ஆகவே மாலையிலேயே பேசிவிடச் சொல்கிறேன்.

பிறப்புச் சான்றிதழும், அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் இன்னும் ஐந்து பேரிடமிருந்து வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த மாலை. வரும் ஞாயிறு காலை 9 மணிக்குத் தில்லையாடியில் வள்ளியம்மை நினைவு மண்டபத்தில் உட்கார்ந்து கட்டுகிறோம். நூல் கண்டு பள்ளியில் வாங்கியாகிவிட்டது. கட்டத் தெரிந்தவர் பிள்ளைகளில் மூன்று பேர்தான். பூ கட்டிப் பழகிய அம்மாக்கள், பாட்டிகள் யாராவது வந்தால் உதவியாக இருக்கும். வாசலில் கேள்வி கேட்ட அம்மா அவசியம் வர வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்