வெள்ளம் வராத ஆண்டில் ஒரு செய்தியாளரை அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்துவிட்டால் உங்கள் முதல் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் மனிதர்களின் படம் வரும். பக்கத்திலேயே அதிகாரிகள் ரப்பர் பூட்ஸோடு பார்வையிடும் படம். நான்காம் நாள் அது உள் பக்கத்துக்குப் போகும், பத்தாம் நாள் காணாமல் போகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. செய்தியின் இயல்பு அது. ஆனால் ஓர் ஊர் அடுத்த வெள்ளத்தில் மூழ்குமா மூழ்காதா என்பது அந்தப் பத்து நாளில் முடிவாவதில்லை. நல்ல வெயில் காலத்தில், மின்விசிறி ஓடும் ஓர் அறையில், யாரும் கவனிக்காத ஒரு கோப்பில் முடிவாகிறது. அந்த அறைக்கு ஒரு செய்தியாளரை அனுப்பச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். லெவல் பார்ப்பது என் தொழில். மூன்று கால்மேல் கருவியை நிறுத்தி, எதிரே ஒருவர் பிடித்திருக்கும் ஸ்டாஃபில், அதாவது அளவு குறித்த நெடுங்கோலில், எண்ணைப் படித்து, இந்த இடம் அந்த இடத்தைவிட எத்தனை சென்டிமீட்டர் மேடு, எத்தனை பள்ளம் என்று எழுதிவைக்கிற ஆள். பல ஆற்றங்கரை ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஊர்களின் பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

வெள்ளம் வடிந்த மறுநாளே எங்களுக்கு வேலை தொடங்கிவிடும். தண்ணீர் எந்த மட்டம்வரை வந்தது என்று குறிக்க வேண்டும். இதைத்தான் எம்.எஃப்.எல். என்போம், அதிகபட்ச வெள்ள மட்டம். தாமதித்தால் வீட்டைக் கழுவி விடுவார்கள், அடையாளம் போய்விடும். வெளிச்சுவரில் தெரியும் கறையை அப்படியே நம்பக் கூடாது. வண்டி போனால் அலை அடித்திருக்கும், கோடு ஒரு சாண் மேலே ஏறியிருக்கும். வீட்டுக்குள் போக வேண்டும். அதிலும் மூடியிருந்த அறை, சுவர் அலமாரியின் உட்புறம் என்றால் இன்னும் நல்லது. அங்கே தண்ணீர் அசையாமல் நின்றிருக்கும். பென்சிலால் போட்ட மாதிரி ஒரு மெல்லிய கோடு, அதில் ஒட்டிக் காய்ந்த புல் விதை, தூசி, எறும்பு. நகத்தால் சுரண்டினால் கோட்டுக்குக் கீழே நிறம் மாறியிருப்பது தெரியும். அந்தக் கோட்டில் ஸ்டாஃபின் அடியை வைத்துத்தான் எண்ணைப் படிப்பேன்.

அப்புறம் தெருவில் நிரந்தரமான ஒரு சுவரில் பெயின்டால் கோடு போட்டு தேதி எழுதுவோம். அப்போதுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஒரு வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: “சார், கொஞ்சம் இறக்கிப் போடுங்க. இல்லன்னா பின்பக்கமாப் போடுங்க. வீட்ட விக்கணும்.” மூன்று வருடம் கழித்து அதே தெருவுக்குப் போனபோது சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தது. கோடு இல்லை. அவரை நான் திட்டவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

ஜெர்மனியில் பாசாவ் என்று ஒரு சின்ன நகரம் இருக்கிறது. டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடும் இடம். அங்கே நகர மன்றக் கட்டடத்தின் கோபுரச் சுவரில் பெரிய வெள்ளங்களின் மட்டத்தை ஆண்டோடு குறித்து வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் தண்ணீர் 12.89 மீட்டருக்கு வந்தது. 1501க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மட்டத்தை மறக்காமல் வைத்திருக்கிறார்கள், நம்மால் மூன்று வருடம் ஒரு கோட்டைக் காப்பாற்ற முடியவில்லை. படத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. கோடு இருந்ததால் அந்த ஊர் நனையாமல் போய்விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் “இதுவரை இப்படி வந்ததே இல்லை” என்று அங்கே யாரும் சட்டென்று சொல்லிவிட முடியாது.

ஒரு சிறிய நகரம் வெள்ளத்தைக் கையாளப் பழகுவது எப்படி என்று பார்த்தால், முதலில் கரையைத்தான் உயர்த்துகிறது. இல்லாவிட்டால் மேலே ஓர் அணை. அது இயற்கையான ஆசைதான், கண்ணுக்குத் தெரியும் வேலை. அமெரிக்காவில் கில்பர்ட் வைட் என்ற புவியியலாளர் 1940களிலேயே இதில் உள்ள சிக்கலைச் சொன்னார். கரை கட்டினால் பயம் போகிறது, பயம் போனால் கரைக்குப் பின்னால் வீடுகள் வருகின்றன, என்றோ ஒருநாள் தண்ணீர் கரையைத் தாண்டும்போது முன்பைவிடப் பெரிய நஷ்டம்.

இதற்கு ராபிட் சிட்டியைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 1970களின் தொடக்கத்தில் சுமார் 43 ஆயிரம் பேர் வசித்த ஊர். ஊரின் நடுவே ராபிட் கிரீக் என்ற ஓடை ஓடுகிறது. ஊருக்கு மேலே அந்த ஓடையில் 1950களில் பக்டோலா அணையைக் கட்டியிருந்தார்கள். ஓடையின் இருபுறமும் வீடுகள், டிரெய்லர் (சக்கர வீடு) குடியிருப்புகள் என்று நிறைந்துவிட்டன. 1972 ஜூன் 9 அன்று பெருமழை. சில இடங்களில் ஆறு மணி நேரத்தில் 15 அங்குலம், அதாவது 380 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அதில் பெரும்பகுதி எங்கே பெய்தது தெரியுமா? அணைக்குக் கீழே, அணைக்கும் ஊருக்கும் நடுவில். அணை என்ன செய்யும்? ஊர் எல்லையில் இருந்த கேன்யன் ஏரியின் கரையும் அன்றிரவே உடைந்தது. 238 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊர் செய்ததுதான் முக்கியம். மேயர் டான் பார்னெட்டுக்கு அப்போது வயது 29. ஓடையோரம் மறுபடி வீடு கட்ட விடுவதில்லை என்று நகரம் முடிவெடுத்தது. மத்திய அரசின் பணத்தில் அந்த நிலங்களை வாங்கி, குடும்பங்களை மேட்டுக்கு மாற்றி, ஓடை நெடுகப் பூங்கா, விளையாட்டுத் திடல், நடைபாதை என்று விட்டுவிட்டார்கள். தண்ணீர் வந்தால் புல் நனையும், அவ்வளவுதான். இரவில் அங்கே யாரும் தூங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். வெள்ளம் இரவில் வந்த ஊர் என்பதால் அந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

நெதர்லாந்தின் நைமேகனில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, ஆற்றுக்கு இன்னொரு வாய்க்கால் வெட்டியதும் இதே சிந்தனைதான். அங்கே சுமார் ஐம்பது வீடுகள் போயின. கரை கட்டியே பழகிய ஒரு நாடு கரையைப் பின்னுக்குத் தள்ளியது சாதாரண விஷயமில்லை.

சரி, கரைக்கும் பூங்காவுக்கும் நடுவில் பெரும்பாலான ஊர்கள் நிற்கும் இடம் ஒன்று உண்டு: வெள்ள வரைபடமும் கட்டட விதியும். இங்கேதான் என் காலம் கழிந்தது. வரைபடத்தில் ஒரு கோடு வரைகிறோம், “நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்” என்று பெயர் வைக்கிறோம். இந்தப் பெயரால் நடந்த கெடுதலுக்கு அளவே இல்லை. போன வருடம் வந்துவிட்டதே, இனி நம் பேரன் காலத்தில்தான் என்று படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அதற்கு அர்த்தம், எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே. போன வருடம் வந்ததா என்று ஆறு கணக்குப் பார்க்காது. முப்பது வருட வீட்டுக் கடன் வாங்கி அந்தக் கோட்டில் வீடு கட்டினால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அந்தத் தண்ணீர் வர 26 சதவீத வாய்ப்பு. ஏறக்குறைய நாலில் ஒன்று. இதை வங்கியில் யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தக் கோடும் நிலையானதல்ல. மேலே காட்டை அழித்தாலும், வயலைச் சிமெண்டுத் தளமாக்கினாலும், மழை பெய்யும் விதம் மாறினாலும் கோடு நகரும். பழைய மழைக்கணக்கை வைத்துப் பழைய வரைபடம். அதைப் பத்திரமாகச் சுருட்டி அலமாரியில் வைத்திருப்பார்கள்.

இப்போது அந்த மின்விசிறி அறைக்கு வருகிறேன். வெள்ளம் வந்த வருடத்தில் விதி கடுமையாக இருக்கும். யாரும் வந்து கேட்கவும் மாட்டார்கள். நாலைந்து வறண்ட ஆண்டுகள் போகட்டும். தாழ்வான இடத்தில் கட்டட அனுமதி கேட்டு ஒருவர் வருவார், மரியாதையான மனிதர். “என் ஒரு கட்டடத்தால் வெள்ளம் எத்தனை சென்டிமீட்டர் ஏறிவிடும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்பார். கணக்குப் போட்டால் அரை சென்டிமீட்டர்கூட வராது. நியாயமான கேள்விதான், விடையும் சரிதான். விதிவிலக்கு கொடுத்துவிடுவார்கள். அடுத்தவர் வருவார், அவருக்கும் அரை சென்டிமீட்டர் வராது. நாற்பது பேருக்கும் தனித்தனியே வராது. நாற்பதையும் சேர்த்துக் கணக்குப் போடும் கோப்பு மட்டும் அந்த அலுவலகத்தில் இருக்காது. அமெரிக்காவின் தேசிய விதியே, எல்லாக் கட்டுமானமும் சேர்ந்து வெள்ள மட்டத்தை ஓர் அடிவரை உயர்த்த இடம் கொடுக்கிறது. சில ஊர்கள் இது அதிகம் என்று தங்களுக்குள் அதைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன. அதிகமோ குறைவோ, அங்கே மொத்தத்துக்கு ஒரு வரம்பாவது எழுதப்பட்டிருக்கிறது.

இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கப் போவதில்லை. ஒரு வறண்ட ஆண்டில், நான்கு அடி மண் கொட்டி மேடாக்கிய மனையை அளந்து தரச் சொன்னார்கள். அளந்தேன். மனையின் மட்டம் எம்.எஃப்.எல்.லுக்கு மேலே இருந்தது. “நிலமட்டம் வெள்ள மட்டத்துக்கு மேல் உள்ளது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு எண்கூடப் பொய்யில்லை. அந்த நான்கு அடி மண் இருக்கும் இடத்தில் முன்பு நின்ற தண்ணீர் இனி எங்கே போய் நிற்கும் என்று கோப்பில் கேள்வி இல்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளத்துக்குக் குறி போடப் போனபோது, அதற்கு முன் தண்ணீரே பார்த்திராத பின்தெருவில் முழங்காலுக்கு மேல் கறை. ஓர் அம்மா அலமாரிக் கதவைத் திறந்து கோட்டைக் காட்டிவிட்டுக் கேட்டார்: “அன்னைக்கு அந்த மண்ணு மேட்ட அளந்தது நீங்கதானே தம்பி?” ஆமாம் என்றேன். கோட்டில் ஸ்டாஃபை வைத்து எண்ணைப் படித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா சிறிய ஊர் இல்லை, ஆனால் மறதியிலிருந்து தப்பிக்க அது கண்ட வழி சிறிய ஊர்களுக்கும் பொருந்தும். 1970களில் அடுத்தடுத்து வெள்ளம், 1984 மே மாதம் ஒரே இரவில் 14 பேர் பலி. உடனே சுமார் 300 வீடுகளை விலைக்கு வாங்கி அகற்றினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, மழைநீர் நிர்வாகத்துக்கென்று ஒரு கட்டணத்தை மாதா மாதம் வரும் தண்ணீர் பில்லிலேயே சேர்த்ததுதான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பணம் வரும், அந்தப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர் அந்த வேலையைத்தான் பார்த்தாக வேண்டும். வறண்ட ஆண்டில் அந்த மேசை காலியாக இருக்காது.

வீடுகளை அகற்றுவது என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். அதைச் சொல்லும்போது கை கூசுகிறது. ஆற்றோரத்தில் முதலில் அகற்றப்படுகிறவர்கள் வேறு இடம் கிடைக்காமல் அங்கே போய்த் தங்கியவர்கள். மண் கொட்டி மேடாக்கி மாடி கட்டியவருக்கு அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்துவிடுவார்கள். இருவர் மட்டத்தையும் நான் அளந்திருக்கிறேன். சில இடங்களில் குடிசை நின்ற இடம் மாடி வீட்டின் பழைய மனையைவிட மேடு. வெள்ளப் பாதையைக் காலி செய்வதென்றால் இருவரையும் ஒரே ஸ்டாஃபால் அளக்க வேண்டும், ஏழைக்கு வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாற்று வீடு தர வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் திரும்பி அங்கேயேதான் வருவார்கள். வராமல் எங்கே போவார்கள்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வெயில் காலத்தில் ஒரு நாள் உங்கள் செய்தியாளர் ஏதாவது ஒரு நகர நிர்வாக அலுவலகத்துக்குப் போகட்டும். கடைசி வெள்ளத்துக்குப் பிறகு தாழ்வான பகுதியில் எத்தனை அனுமதி, எத்தனை விதிவிலக்கு, எத்தனை வரன்முறை என்று கேட்கட்டும். எத்தனை மனையில் எவ்வளவு மண் கொட்டினார்கள், எல்லாம் சேர்ந்து வெள்ள மட்டத்தை எவ்வளவு உயர்த்தும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா என்றும் கேட்கட்டும். வரைபடம் எந்த ஆண்டின் மழைக்கணக்கில் வரைந்தது என்பதையும் விடக் கூடாது. கிடைக்கும் விடைகளை, கிடைக்காதவற்றையும் சேர்த்து, வருடாவருடம் அதே தேதியில் வெளியிடுங்கள். படம் நன்றாக இருக்காது, ஒரு அலமாரியும் நாலு கோப்பும்தான். போடுங்கள்.

உதவி தேவைப்பட்டால் என் பழைய களக் குறிப்பேடுகள் ஏழு இருக்கின்றன. எந்தத் தெருவில், எந்தச் சுவரில், எந்த மட்டத்தில் கோடு போட்டேன் என்று அவற்றில் இருக்கிறது. சுவரில் அழித்தவை இதில் அழியவில்லை. ஒன்று மட்டும் வேலைக்குப் போன இடத்தில் தண்ணீரில் விழுந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரிக்கும்போது பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற லெவல்காரர்