அந்த வெள்ளைப் புழுவை நசுக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மாடித்தோட்டத்துக்குன்னு ஒரு முழு பக்கம் ஒதுக்கியிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா பூச்சி இருக்கோ இல்லையோ வாரம் ஒருதடவை ஏதாவது ஸ்ப்ரே பண்ணிடணும்னு அதுல போட்டிருந்ததை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

செம்பருத்தி, கொய்யா, கத்தரி எது வெச்சாலும் எல்லாரும் சொல்ற முதல் புலம்பல், வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு செடியோட சாறை உறிஞ்சற மாவுப்பூச்சிதான். அந்த மாவுப்பூச்சி நடுவுலயே இன்னொரு வெள்ளைப் புழு திரியும், உடம்பு பூரா நூல் நூலா வெள்ளை மெழுகு தொங்கும், பாத்தா பெரிய சைஸ் மாவுப்பூச்சின்னுதான் தோணும், உடனே நசுக்கிடுவாங்க. அது மாவுப்பூச்சியே இல்லீங்க, அதைத் தின்ன வந்த பொறிவண்டோட புழு! பேரு கிரிப்டோலேமஸ். 1898-லயே காபித் தோட்டத்துல செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவுல இருந்து இந்தியாவுக்கு கொண்டு வந்தது. வளந்த வண்டு கறுப்பு இறக்கையும் ஆரஞ்சு கலர் தலையுமா இருக்கும். எது எதுன்னு கண்டுபிடிக்க ஒரு குச்சியால லேசா தொட்டுப் பாருங்க, மாவுப்பூச்சி அசையாம கிடக்கும் இல்லைன்னா மெதுவா நகரும், இந்தப் புழு விறுவிறுன்னு ஓடும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாம எத்தனை வீட்டு மாடியில தினமும் இதுங்களைக் கொன்னுட்டு இருக்காங்கன்னு நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

மத்ததும் இதே கதைதான். சிவப்புல கறுப்பு புள்ளி வெச்ச பொறிவண்டை எல்லாருக்கும் தெரியும், குழந்தைங்க கையில வெச்சு வெளையாடும், ஆனா அதோட புழு குட்டி முதலை மாதிரி கரடுமுரடா இருக்கும், அதைப் பாத்ததும் ஐயோ புழுன்னு எடுத்துப் போட்டுடறோம். இளந்தளிர்ல கூட்டமா ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சியான அசுவினியை நாள் பூரா தின்னுட்டு இருக்கறது அந்தப் புழுதாங்க. இலை அடியில மயிரிழை மாதிரி காம்பு நீட்டி அதோட நுனியில ஒரு முட்டை நிக்கும், அது கிரைசோபெர்லாவோட முட்டை, பச்சைக் கலர்ல கண்ணாடி இறக்கையோட ராத்திரி லைட்டுக்கு வருமே, அந்தப் பூச்சி. இதே கூட்டத்துல சில புழு தான் தின்ன பூச்சியோட தோலையே முதுகுல சுமந்துட்டு போகும், பாக்கறவங்களுக்கு ஏதோ குப்பை நகர்ற மாதிரி தெரியும். அசுவினி கூட்டத்துக்குள்ள ஒண்ணு ரெண்டு மட்டும் ஊதி பழுப்புக் கலர்ல செத்துக் கிடந்தா அந்த இலையைக் கிள்ளிப் போடாதீங்க, அதுக்குள்ள ஒரு குட்டி குளவி வளருது, அது வெளிய வந்து அடுத்த அசுவினிக்குள்ள முட்டை வெக்கும்.

எல்லா பொறிவண்டும் நல்லதுன்னு சொல்ல வரல. கத்தரி இலையை சல்லடையா அரிச்சுத் தின்ற எபிலாக்னா வண்டும் அதே குடும்பம்தான். அதுக்கு உடம்புல 28 புள்ளி வரைக்கும் இருக்கும், பளபளப்பில்லாம மங்கலா இருக்கும், அதோட புழு மஞ்சளா உடம்பெல்லாம் முள்ளா இருக்கும். அதைத் தாராளமா கையால பொறுக்கி சோப்புத் தண்ணியில போடுங்க.

இதெல்லாம் சின்னப் பூச்சிதானே, இதால என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு நம்ம ஊர்ல நடந்ததையே சொல்றேன். 2008-ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சின்னு புதுசா ஒண்ணு வந்துச்சு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு ஒண்ணையும் விடல, எவ்வளவு மருந்து அடிச்சும் மேல இருக்கற மெழுகுல வழிஞ்சு போயிடும், அப்படியே செத்தாலும் வேலியோரத்து பார்த்தீனியத்துல இருந்து திரும்ப வந்துடும். கடைசியா 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அசிரோபேகஸ் பப்பாயேன்னு கண்ணுக்கே சரியா தெரியாத, அந்த மாவுப்பூச்சிக்குள்ளயே முட்டை வெச்சு அதைக் கொல்ற ஒரு குளவியைக் கொண்டு வந்து பெங்களூர் பூச்சி ஆராய்ச்சி நிலையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வளத்து ஊர் ஊரா விட்டாங்க, கொஞ்ச காலத்துலயே அந்த மாவுப்பூச்சி அடங்கிப் போச்சு. 2016-ல பொள்ளாச்சி பக்கம் தென்னையில சுருள் வெள்ளை ஈ வந்தப்பவும் அந்த ஈயை அழிக்கிற என்கார்சியாங்கற குளவியைக் காப்பாத்தணும், அதனால கெமிக்கல் அடிக்காதீங்கன்னுதான் பல்கலைக்கழகமே சொன்னாங்க. ஏக்கர் கணக்கான தென்னந்தோப்புக்கே அதுதான் வழின்னா, பத்துப் பை கத்தரிக்கும் தக்காளிக்கும் வாரா வாரம் ஸ்ப்ரே எதுக்குங்க?

மருந்துக் கடையில போய் பூச்சின்னு சொன்னா இமிடாகுளோபிரிட் பாட்டிலை எடுத்துக் கொடுத்துடறாங்க. அது செடியோட சாறுலயே கலந்து பூவுல இருக்கற தேன் வரைக்கும் போற மருந்து, அப்ப அந்தத் தேனைக் குடிக்கிற தேனீ, குளவி எல்லாத்துக்கும் அதுல பங்கு போகுது. வேப்பெண்ணெய் எவ்வளவோ பரவாயில்ல, ஆனா அதையும் சும்மா சும்மா மாடி பூரா அடிக்காம, பூச்சி இருக்கற கிளையில மட்டும், லிட்டருக்கு 5 மில்லி ரெண்டு சொட்டு சோப்போட கலந்து சாயங்காலமா அடிச்சா போதும். அசுவினிக்கு அதுகூட வேணாம், பைப்புல தண்ணியை வேகமா பீச்சினாலே பாதி போயிடும்.

எறும்பை கண்டிப்பா கவனிக்கணும். மாவுப்பூச்சியும் அசுவினியும் விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுங்களுக்குக் காவலே நிக்கும், பொறிவண்டு வந்தா கடிச்சுத் துரத்தும். செடி ஸ்டாண்டோட கால்களை தண்ணி ஊத்தின கிண்ணத்துல நிறுத்துங்க, வாரம் ரெண்டு தடவை தண்ணியை மாத்திடுங்க இல்லைன்னா கொசு வந்துடும். எறும்பு ஏறாம தடுத்தாலே பாதி வேலையை வண்டு பாத்துக்கும்.

நல்ல பூச்சியை ஆன்லைன்ல காசு கொடுத்து வாங்கணுமான்னு கேக்கறாங்க. டிரைக்கோகிரம்மான்னு, கெட்ட புழுவோட முட்டையை அழிக்கிற குட்டி குளவியை அட்டையில ஒட்டி விக்கறாங்களே, அந்த முட்டை அட்டை எல்லாம் கரும்புக்கும் நெல்லுக்கும் சரி, சின்ன மாடிக்கு அது தேவையில்லைங்கறது என் கருத்து. கொத்தமல்லியில நாலு செடியைப் பறிக்காம பூக்க விடுங்க, ஓரத்துல கொஞ்சம் தட்டைப்பயறும் கடுகும் போடுங்க. தட்டைப்பயறுல அசுவினி வரும், வரட்டும், அதைத் தேடி பொறிவண்டு வரும், அங்கேயே முட்டை வெச்சு மத்த செடிக்கும் பரவும். ஆனா கொஞ்சம் பொறுமை வேணும், அசுவினி வந்து சில நாள் கழிச்சுத்தான் வண்டு வரும், அந்த இடைவெளியில பயந்து மருந்தை அடிச்சா எல்லாம் வீணாப் போயிடும்.

தோட்டக்கலைத் துறை மானியத்துல கொடுக்கற மாடித்தோட்ட கிட்டுல பை, தென்னை நார்க்கழிவு, விதை, வேப்பெண்ணெய் மருந்துன்னு எல்லாம் வருது, நல்ல திட்டம். அதோட நன்மை செய்யற பூச்சிகளோட முட்டை, புழு, வண்டு மூணு பருவத்தையும் பெரிய கலர் படமா ஒரே அட்டையில அச்சடிச்சு தமிழ்ப் பேரோட கொடுக்கணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன். அதுவரைக்கும் நீங்களே உங்க தோட்டப் பக்கத்துல வாரம் ஒரு பூச்சியா படம் போட்டீங்கன்னா பெரிய உதவி, வண்டோட படத்தைவிட புழுவோட படத்தைப் பெருசா போடுங்க. எங்க மாடியில எடுத்த போட்டோ நிறைய இருக்கு, கேட்டீங்கன்னா அனுப்பி வெக்கறேன்.

இப்படிக்கு,
மாடித்தோட்டம் வெச்சிருக்கற ஒரு வாசகி,
கோயம்புத்தூர்