கேட்பதற்கு முன்பே கிளம்பிவிட்ட கால்கள்

கர்த்தருக்குள் பிரியமான நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்றறிந்து தேவனை ஸ்தோத்திரித்தேன்.

வேலை மாறிப் போவதா, இருப்பதா என்று அறிய வேதத்தைக் கண்ணை மூடித் திறந்தாயாமே. முதல் நாள் ஆதியாகமம் 12: உன் தேசத்தை விட்டுப் புறப்படு. மறுநாள் எரேமியா 42: இந்தத் தேசத்திலே தரித்திருந்தால் உங்களைக் கட்டுவேன். குழம்பாமல் என்ன செய்வாய்? முதலாவது ஆபிராமுக்குச் சொன்னது. மற்றது எருசலேம் விழுந்தபின் மிஞ்சியிருந்த யூதருக்கு. உன் வேலையைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல் இல்லை.

ஆனாலும் எரேமியா 42 உன் கையில் வந்ததில் எனக்குச் சந்தோஷம். அதை 41:16 தொடங்கி 43:7 வரை ஒரே மூச்சில் வாசி, 32 வசனம்தான். பாபிலோன் ராஜா தேசத்துக்கு அதிகாரியாக வைத்த கெதலியா கொலையுண்டபின், கல்தேயராகிய பாபிலோனியருக்குப் பயந்த ஜனங்கள் எரேமியாவிடம் வருகிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதைக் கேட்போம் என்று உறுதி சொல்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: எகிப்துக்குப் போகாதிருங்கள். உடனே, "நீ பொய் சொல்லுகிறாய்" என்கிறார்கள். ஏன் என்பது 41:17-ல் இருக்கிறது. கேட்க வருமுன்பே எகிப்துக்குப் போகப் புறப்பட்டு, பெத்லகேம் அருகே வந்து தங்கிவிட்டார்கள். கர்த்தரிடம் அவர்கள் வழி கேட்கவில்லை, கையெழுத்து கேட்டார்கள்.

ஆகவே வேதத்தைத் திறக்குமுன் ஒரு தாளில் இரண்டே வரி எழுது: நான் எதை விரும்புகிறேன்? 'வேண்டாம்' என்று வந்தால் விட்டுவிடுவேனா? இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதக் கை வராவிட்டால், அன்றைய ஜெபம் அதற்காகத்தான் இருக்கவேண்டும். வேலையைப் பற்றிப் பிறகு கேட்கலாம்.

தினவாசிப்புக்கு வருகிறேன். 20 நிமிடம் போதும், ஆனால் வாய்விட்டு வாசி. சங்கீதம் 1-ல் 'தியானம்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் 'ஹாகா' என்ற வினை. ஏசாயா 31:4-ல் இரைமேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் 38:14-ல் புலம்பும் புறாவுக்கும் அதே சொல்தான். வாய் மூடிய தியானம் அல்ல, முணுமுணுப்பு. ஒரு பகுதியை இருமுறை அப்படி வாசித்துவிட்டு, யார் யாருக்குச் சொன்னது, இதில் தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், கட்டளை உண்டா, வாக்குத்தத்தமானால் அதோடு நிபந்தனை உண்டா என்று பார். பிறகு அன்று இரவுக்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தை மட்டும் குறித்துவை. 'அன்பாயிருப்பேன்' என்று எழுதாதே. யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், எந்தக் கடனைத் திருப்பவேண்டும் என்று எழுது. படுக்குமுன் அந்த வரியைத் திரும்பப் பார்.

ஒரே வருடத்தில் முழு வேதமும் என்று ஆரம்பிக்காதே. 1,189 அதிகாரம், நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் ஒரு மாதத்துக்குள் லேவியராகமம் வரும், அங்கே பலர் நின்றுவிடுவார்கள். அதற்குப் பதிலாக மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கு: 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. கூடவே தேதிக்கொரு நீதிமொழிகள் அதிகாரம். 31 இருப்பது வசதி. ஒரு நாள் தவறினால் அதை ஈடுகட்டப் பார்க்காதே. பாக்கி சேரச்சேர வேதத்தைத் தொடவே கூச்சம் வந்துவிடும்.

இனி உன் வேலை. அங்கே பொய்க்கணக்கு எழுதவேண்டி வருமா? (நீதிமொழிகள் 11:1.) ஏற்கெனவே கொடுத்த வாக்கை முறிக்கிறதா? வீட்டாரைக் கவனிக்க முடியாமல் போகுமா? (1 தீமோத்தேயு 5:8.) மூன்றுக்கும் 'இல்லை' என்றால், நீதிமொழிகள் 15:22 சொல்கிறபடி உன்னை எதிர்த்துப் பேசத் தயங்காத இரண்டு மூன்று பேரிடம் கேள். அதன்பின் எது உனக்கு நலமாகத் தோன்றுகிறதோ அதைச் செய். மறுமணம் போன்ற பெரிய காரியத்திலேயே விதவைக்குப் பவுல், கர்த்தருக்குட்பட்டவனாயிருந்தால் போதும், இஷ்டமானவனை விவாகம்பண்ணலாம் என்கிறார் (1 கொரிந்தியர் 7:39). வேலைக்கு மட்டும் வானத்திலிருந்து பெயர் வரவேண்டுமா?

கிதியோன் கர்த்தரிடம் அடையாளம் கேட்டு மயிருள்ள தோலைப் போட்டானே என்பாய். நியாயாதிபதிகள் 6:14-ஐ முதலில் பார். போ என்ற கட்டளை தோலுக்கு முன்பே வந்துவிட்டது.

அந்த இரண்டு வரியை எழுதியதும் எனக்கு அனுப்பு. இரண்டாவது வரியை நீ எப்படி எழுதினாய் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசவேண்டும்.

கர்த்தருக்குள்,
உன் நண்பன்