சவுண்ட் விட்டு விட்டு வருதா? ரிசீவரத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

அண்ணே, அக்கா, சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு மாசமா எங்க ஹோம் தியேட்டர் கடைக்கு வர்ற போன்ல பாதி இதுதான். "தம்பி, படம் நல்லா ஓடிட்டு இருக்கு, திடீர்னு ரெண்டு செகண்ட் சவுண்ட் காணாமப் போயி திரும்ப வருது, ரிசீவர் போச்சா?" பெரும்பாலும் ரிசீவர் (டிவி சவுண்ட வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரிச்சு அனுப்புற டப்பா) போகலங்க. பத்துப் பேர் தூக்கிட்டு வந்தா ஏழெட்டுப் பேருக்கு கோளாறு வீட்டுலயேதான் இருக்கு, டப்பாவ சும்மா சுமந்துட்டு வந்து சும்மா சுமந்துட்டுப் போறாங்க.

அதனால ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அடுத்த தடவ கட் ஆகும்போது டிவியப் பாக்காதீங்க, ரிசீவர் முன்னாடி இருக்குற டிஸ்பிளேயப் பாருங்க. அதுல டால்பி டிஜிட்டல், பிசிஎம்னு சவுண்டோட வகைப் பேரு ஏதோ ஒண்ணு ஓடிட்டு இருக்கும்ல, சவுண்ட் போற நேரத்துல அந்தப் பேரும் அழிஞ்சு திரும்ப வந்துச்சுன்னா ரிசீவருக்கு சிக்னலே வந்து சேரல, அப்ப கேபிளயும் டிவி செட்டிங்கயும்தான் சந்தேகப்படணும். பேரு அப்படியே நிக்குது, ஒரே ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் சவுண்ட் இல்லன்னா ஸ்பீக்கர் வயர். மொத்தமா 'டக்'குனு ஆஃப் ஆயி ப்ரொடெக்ட்னு வந்தா ரிசீவர் தன்னக் காப்பாத்திக்க ஆஃப் ஆகுதுன்னு அர்த்தம், பெரும்பாலும் பின்னாடி ஸ்பீக்கர் வயரோட செம்பு நூல் ஒண்ணு பிரிஞ்சு பக்கத்து முனையத் தொட்டுட்டு இருக்கும், இல்லாட்டி காத்து போகாத கேபினெட்டுக்குள்ள ரிசீவர் வெந்துட்டு இருக்கும். (மேல செட்டாப் பாக்ஸ் வேற வைப்பாங்க. வைக்காதீங்க.) ப்ரொடெக்ட் வந்தா திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாக்காம பிளக்கப் புடுங்கிட்டு வயரப் பாருங்க.

பேரு அழிஞ்சு வர்ற கேஸ்தான் அதிகம். டிவியில இருக்குற ஆப்புல படம் பாக்குறீங்கன்னா சவுண்ட் டிவியோட எச்டிஎம்ஐ ஆர்க் போர்ட் (அதே எச்டிஎம்ஐ கேபிள்லயே டிவி சவுண்டத் திருப்பி அனுப்புற வழி) வழியா ரிசீவருக்குத் திரும்பி வருது. இந்த ஆர்க் 2009-ல எச்டிஎம்ஐ 1.4-ஓட வந்தது, அதோட புது வடிவமான ஈஆர்க் 2017-ல எச்டிஎம்ஐ 2.1-ஓட வந்தது. டிவி புதுசு, கேபிள் பழசுன்னா ஈஆர்க் புடிச்சு புடிச்சு விடும். ஒருநாள் சாயங்காலம் டிவி செட்டிங்ல ஈஆர்க்க ஆஃப் பண்ணிட்டு பாருங்க. அட்மாஸ் (தலைக்கு மேலருந்தும் வர்ற மாதிரி கேக்குற டால்பி சவுண்ட்) போயிருமேன்னு பயப்பட வேணாம், ஓடிடில வர்ற அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ்ல ஏறி வர்றது, டிவியும் ரிசீவரும் ஆதரிச்சா அது சாதா ஆர்க்லயே போகும். ப்ளூரே டிஸ்க்ல வர்ற ட்ரூஎச்டி மாதிரி தரம் குறையாத சவுண்டுக்குத்தான் ஈஆர்க் வேணும், அதுவும் பிளேயர டிவில குத்திருந்தா மட்டும். அப்பவும் கட் ஆச்சுன்னா டிவி ஆடியோ அவுட்புட்ட பிசிஎம்ல போட்டுப் பாருங்க, ஆனா அது சோதனைக்கு மட்டும்தான், ஆர்க்ல பிசிஎம் போட்டா வெறும் ரெண்டு சேனல்தான் வரும், அஞ்சு ஸ்பீக்கர் வாங்கிட்டு ரெண்ட மட்டும் கேக்க நாங்க எதுக்கு? டிவில குத்துற ஓடிடி ஸ்டிக் வச்சிருக்கவங்க அதக் கழட்டி நேரா ரிசீவர்லயே குத்திப் பாருங்க, கட் நின்னுருச்சுன்னா டிவி வழியா சுத்தி வர்றதுலதான் பிரச்சன.

பாட்டு மாறும்போது, விளம்பரம் வந்து போகும்போது அரை செகண்ட் முழுங்குறது கோளாறே இல்லங்க. சவுண்டோட சாம்பிள் ரேட் (செகண்டுக்கு எத்தன தடவ சவுண்ட அளக்குறாங்கங்கிறது) 44.1-லருந்து 48 கிலோஹெர்ட்ஸுக்கோ ஸ்டீரியோலருந்து டால்பிக்கோ மாறும்போது ரிசீவர் புதுசா புடிச்சுக்க அவ்ளோ நேரம் எடுக்கும். சப்வூஃபர் மட்டும் லேட்டா முழிக்குதுன்னா பின்னாடி ஆட்டோல இருக்குற சுவிட்ச ஆனுக்கு மாத்துங்க, முடிஞ்சது. வயர்லெஸ் ரியர் ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பேசுனா வைஃபை ரூட்டரக் கொஞ்சம் தள்ளி வைங்க, ரெண்டும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இருந்தா அடிச்சுக்கும்.

இன்னொன்னு, கரண்டு. ஒரு அண்ணன் மூணு தடவ ரிசீவரத் தூக்கிட்டு வந்தாரு. கடை டேபிள்ல காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவகூட கட் ஆகல, அவருக்கு எங்க மேல சந்தேகம், எங்களுக்கு அவர் மேல. நாலாவது தடவ நானே அவரு வீட்டுக்குப் போயி சோபால உக்காந்தேன். அம்மா காபி கொண்டு வந்து வச்சாங்க, பாதி டம்ளர் குடிச்சிருப்பேன், பின்னாடி ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறி நின்னுச்சு, அதே நொடி சவுண்டும் போச்சு. எட்டிப் பாத்தா ஃப்ரிட்ஜு, ரிசீவரு, டிவி மூணும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல. கம்ப்ரஸர் ஆன் ஆஃப் ஆகும்போது லைன்ல அடிக்கிற அந்தச் சின்ன உதைக்கு எச்டிஎம்ஐ புடிய விட்டுட்டு திரும்பப் புடிக்குது, அவ்ளோதான். ஃப்ரிட்ஜ சமையல்கட்டு பிளக்குக்கு மாத்துனோம், அன்னைலருந்து போனே இல்ல. உங்க வீட்டுல ஏசி, மோட்டார் ஓடுற நேரமும் கட் ஆகுற நேரமும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, அந்த பிளக்ல எர்த் இருக்கான்னு எலக்ட்ரீசியனயும் ஒரு வார்த்த கேளுங்க.

இப்ப எங்க தப்பு ஒண்ணச் சொல்லணும். சில வருஷம் முன்னாடி ப்ரொஜெக்டர் வச்ச வீடுகள்ல சுவத்துக்குள்ள பைப்ல 10 மீட்டர் சாதா எச்டிஎம்ஐ கேபிள் இழுத்துக் குடுத்தோம். அன்னைக்கு ஃபுல் எச்டி, ஒழுங்கா ஓடுச்சு. இப்ப நீங்க 4கே ப்ரொஜெக்டருக்கு மாறிட்டீங்க, 4கே 60-க்கு (செகண்டுக்கு 60 ஃப்ரேம்) 18 ஜிபிபிஎஸ் வேகம் தாங்குற கேபிள் வேணும், அந்த நீளத்துல சாதா செம்பு கேபிள் மூச்சு வாங்கும். எச்டிஎம்ஐல படத்தோட இடைவெளியிலதான் சவுண்டும் போகுது, அதனால படத்துல வெள்ளப் புள்ளி மின்னிட்டு கூடவே சவுண்டும் கட் ஆனா அந்தக் கேபிள்தான். அப்பவே தூரத்த யோசிச்சு ஃபைபர் (சிக்னல் ஒளியா போற) எச்டிஎம்ஐ கேபிள் போட்டிருக்கணும், விலை ஜாஸ்தின்னு நெனச்சு நாங்களும் அதச் சொல்லல, நீங்களும் கேக்கல.

அப்படி நாங்க இழுத்த வீடுகளுக்கு மாத்தித் தர கூலி வேணாம், ஃபைபர் கேபிள் எங்களுக்கு வந்த விலைக்கே. அதுல சோர்ஸ், டிஸ்பிளேனு ரெண்டு முனை இருக்கும், திருப்பி மாட்டுனா வேல செய்யாது, அதனால நீங்களா ஆன்லைன்ல வாங்கி பைப்புக்குள்ள விட்டுட்டு அப்புறம் எங்களக் கூப்பிடாதீங்க, ப்ளீஸ்.

மத்தவங்க கட் ஆகும்போது ரிசீவர் டிஸ்பிளேயும் டிவியும் சேந்து தெரியுற மாதிரி போன்ல ஒரு வீடியோ எடுத்து கடை வாட்ஸப்புக்கு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை கடை லீவு, திங்கக்கிழமை காலைல பாத்துட்டுக் கூப்பிடுறோம்.