எச்.ஆரிடம் போகும் முன்

அம்பத்தூர், சென்னை
ஞாயிறு, விடியற்காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ராத்திரி நீ அழுத அழுகையில் பாதிப் பேச்சு எனக்குப் புரியவில்லை. டீம் முழுக்க இருக்கும்போது "உன்னையெல்லாம் எவன் வேலைக்கு எடுத்தான்" என்று அந்த மானேஜர் கேட்டது மட்டும் காதிலேயே நிற்கிறது. திங்கட்கிழமை, ஊழியர் விவகாரம் பார்க்கும் எச்.ஆரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடப் போகிறேன் என்றாய். அம்மாவும் சரி என்றாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நாளைக்குப் போகாதே, ஒரு வாரம் பொறு. ஏன் என்று எழுதுகிறேன். தம்பி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் 31 வருஷம் பார்த்தது அந்த எச்.ஆர். வேலைதான். அப்போது பர்சனல் டிபார்ட்மென்ட் என்று பெயர். உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. 1994-ல் லேத்தில் வேலை பார்த்த ஒரு பையன் என் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினான். ஃபோர்மேன் தினமும் அம்மாவை இழுத்துத் திட்டுகிறார் என்று சொல்லி அழுதான். "சார், உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலமே ஃபேக்டரி மானேஜரிடம் சொன்னேன், சொல்ல வேண்டியது என் வேலை. மறுவாரம் ஃபோர்மேனுக்கும் தெரிந்துவிட்டது. பையனைத் தொடர்ந்து நைட் ஷிஃப்டில் போட்டார்கள். இரண்டு மாதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். கணக்கு முடித்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான்தான். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு அவன்மேல் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, பாப்பா. ஆனால் எனக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. ஃபோர்மேனை அசைத்தால் உற்பத்தி படுக்கும், பையனை அசைத்தால் ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான் கணக்கு. உன் எச்.ஆர். பெண் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் அவள் மேசையிலும் இந்தக் கணக்குதான் ஓடும்.

அதே வருஷம் பேக்கிங்கில் இருந்த ஒரு அம்மா வந்தார். அழவில்லை. மூன்று மாத ஓ.டி.யை, அதாவது கூடுதல் நேர வேலையை, நாள், மணி போட்டு நோட்டில் எழுதியிருந்தார். மனுவைக் கொடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். அந்தத் தாள் லேபர் ஆபீஸ் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். நாலே நாளில் பணம் வந்தது.

நீயும் ஒரு நோட்டு வாங்கு. என்ன தேதி, மானேஜர் சொன்ன வார்த்தை என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாம் எழுது. ஆபீஸ் லேப்டாப்பில் எழுதாதே. ஆபீஸ் மெயில்களை உன் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதே, அதையே உன்மேல் குற்றமாகத் திருப்புவார்கள். எச்.ஆரிடம் பேச ஆரம்பிக்கும் முன்பே, "இதை யார் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேள். பேசி முடித்து வந்ததும், பேசியது இன்னது என்று ஒரு மெயில் போட்டுவிடு. மானேஜர் மோசம் என்று நிரூபிக்கப் போகாதே, டீம் மாற்றம் ஒன்றை மட்டும் கேள். ராஜினாமா எழுதித் தரச் சொன்னால் அந்த ரூமில் கையெழுத்தே போடாதே. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வா.

ஒன்று கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஆள் தப்பாகப் பேசினானா, தொட்டானா, ராத்திரியில் மெசேஜ் அனுப்பினானா? அப்படியிருந்தால் ஒரு வாரமெல்லாம் பொறுக்க வேண்டாம். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அந்தப் புகார்களை விசாரிக்க இன்டர்னல் கமிட்டி இருந்தாக வேண்டும். தலைவர் ஒரு பெண், வெளியிலிருந்தும் ஒருவர் இருப்பார். நடந்த 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், 90 நாளில் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை உனக்கு இடமாற்றமோ லீவோ கேட்கலாம். விஷயத்தை வெளியே சொல்ல அவர்களுக்கு அனுமதி கிடையாது. என்னிடம் சொல்ல முடியாவிட்டால் அம்மாவிடம் சொல்.

சனிக்கிழமை காலை பிருந்தாவன் ரயிலில் கிளம்பி பெங்களூர் வருகிறேன். நோட்டை எடுத்து வை, மனுவை இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுவோம். அம்மா பருப்புப் பொடி கொடுத்தனுப்புகிறாள்.

அப்பா